தொண்டையில் எதுவும் இல்லை

செப். 29, திங்கள்

விடியற்காலையில் தூறல். திண்டிவனம் மேம்பாலம் தாண்டியதும் நின்றுவிட்டது. ஸ்கூட்டரின் பின் பிரேக் மறுபடியும் கத்துகிறது. இந்த வாரமாவது காட்ட வேண்டும்.

கால்நடை மருந்தக வாசலில் எனக்கு முன்பே இரண்டு பேர். காலாண்டு விடுமுறையில் அனுப்புவதாக உயிரியல் டீச்சர் சொல்லியிருந்த பிளஸ் டூ பிள்ளைகள். மூன்று பேர் என்றுதான் பேச்சு. மூன்றாவது பெண்ணுக்குச் சாணி நாற்றம் ஒத்துக்கொள்ளாதாம். வந்தவர்களில் ஒருவன் ஹரீஷ், திண்டிவனம், அப்பா செல்போன் கடை வைத்திருக்கிறார். இன்னொருத்தி எஸ்தர், மயிலம் பக்கம் ஒரு காலனி, அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை, வீட்டில் ஒரு பசுவும் கன்றும். இருவருக்கும் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. ஒரு வாரம் கூட இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று டீச்சர். நல்ல யோசனைதான். என்னை யாரும் இப்படி அனுப்பவில்லை.

இன்று வந்தவை: மடி வீங்கிய பசு, கழிச்சல் ஆடு நாலு, சினை ஊசிக்கு மூன்று, கால் ஒடிந்த நாய்க்குட்டி. கூடையில் கோழியோடு ஓர் அம்மா. கோழி வழியிலேயே செத்துவிட்டது. அப்படியும் மருந்து வாங்கிக்கொண்டு போனார், வீட்டில் இன்னும் ஆறு இருக்கிறதாம்.

பிள்ளைகளிடம் முதலில் சொன்னது இரண்டு. மாட்டுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. எந்த விலங்கின் வாயிலும் வெறுங்கையை விடக் கூடாது, எச்சில் ஒழுகினால் கிட்டவே போகக் கூடாது. வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல என்பதையும் விளக்கினேன். ஹரீஷ் எழுதிக்கொண்டான். எஸ்தர் தலையாட்டினாள்.

ஹரீஷ் கேட்டது: சென்னையில் நாய், பூனைக்கு மட்டும் கிளினிக் வைத்தால் ஓடுமா.

எஸ்தர் கேட்டது: "வலி எங்க இருக்குதுன்னு மாடு எப்படி மேடம் காட்டும்?"

காது, கண், பல்லைக் கடிப்பது, காலை மாற்றி மாற்றி வைப்பது என்று சொன்னேன். கேட்டுவிட்டுப் போய், மடி வீங்கிய பசுவின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

செப். 30, செவ்வாய்

வெயில். கழுத்தில் வேர்க்குரு.

கன்று போட்டும் நஞ்சுக்கொடி விழாத எருமை ஒன்று, மூன்றாவது நாள். கையுறையோடு தோள்வரை விட்டு எடுத்தேன். ஹரீஷ் வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தான். முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்து நின்றான். அது எனக்குப் பிடித்தது.

மதியம் படிப்பைப் பற்றிப் பேச்சு. நீட் வேண்டியதில்லை, பிளஸ் டூ மார்க்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பயிற்சியும் சேர்த்து ஐந்தரை வருடம், ஹாஸ்டலில் தங்க வேண்டும்.

"அஞ்சரை வருசமா" என்றாள் எஸ்தர். "எங்கப்பா நர்சிங்கே ஜாஸ்தின்றாரு மேடம்."

"இது நல்ல வேலையா மேடம்?" என்றான் ஹரீஷ்.

பதில் சொல்வதற்குள் ஒருவர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தப்பித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். பதினோரு வருடமாகச் செய்கிற வேலை. ஆம் என்று உடனே வாயில் வந்திருக்க வேண்டாமா?

அக். 1, புதன்

ஆயுத பூஜை. மருந்தக உதவியாளர் ரங்கநாதன் அண்ணன் எல்லாக் கருவியையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார். காயடிக்கும் இடுக்கிக்கும் சந்தனம், குங்குமம். ஹரீஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொரி, கடலை, வாழைப்பழம். எஸ்தர் வரவில்லை. கிறிஸ்தவப் பெண், பூஜையன்று எதற்கு என்று இருந்திருப்பாள் என நினைத்துக்கொண்டேன்.

மதியம் அவள் அப்பா அந்தோணி போனில்: "டாக்டரம்மா, எங்க செவலை மாடு நேத்துலேர்ந்து தண்ணியே தொடல. வாயிலேர்ந்து ஊத்திக்கினே கீது. ஜல்தியா வர்றீங்களா?"

ரங்கநாதன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. கரகரத்த, நிறுத்தாத கத்தல். ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது. வண்டியை அங்கேயே நிறுத்தினேன்.

சிவப்புக் கலப்பினப் பசு. நூல் நூலாக எச்சில். பின்னங்கால் தள்ளாடுகிறது. கட்டிய வேப்பமரத்தையே முட்டிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாய் கொட்டகைக்குள் புகுந்து அதன் மூக்கைக் கடித்ததாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். அந்த நாயை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். மாட்டை யாரும் நினைக்கவில்லை.

"வாயில யாராவது கை விட்டீங்களா?"

"நான் உட்டேன். பனங்கொட்டை எதனா சிக்கிக்கினு கீதான்னு பாத்தேன்" என்றார் அந்தோணி.

"வேற யாரு?"

எஸ்தரின் அம்மா இல்லை என்றார். கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற எஸ்தரைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது வெறிநோய் போலத்தான் இருக்கிறது. வைத்தியம் கிடையாது. யாரும் கிட்டே போகக் கூடாது. பாலைத் தொடக் கூடாது. கன்றைத் தனியாகக் கட்டி ஊசி போட வேண்டும். மாட்டின் வாயில் கை விட்டவர் இன்றே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"மாட்டுக்கு ஊசி போடுவீங்கன்னு பாத்தா எனுக்குப் போடச் சொல்றீங்க" என்றார் அந்தோணி. சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து, ரங்கநாதன் அண்ணனோடு பஸ் ஏற்றி அனுப்பினேன்.

அக். 2, வியாழன்

விடுமுறைதான், அவசரத்துக்கு யாராவது வரக்கூடும் என்று மருந்தகத்தைத் திறந்தேன். எஸ்தர் தனியாக வந்தாள். இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"மேடம், நேத்து நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அப்பா பாக்கறதுக்கு முன்னாடி நான்தான் கை உட்டேன். நாக்க ஒரு பக்கமா ஒதுக்கிப் புடிச்சிக்கினு உள்ள வரைக்கும் பாத்தேன். தொண்டையில எதுவும் இல்ல."

கையைக் காட்டினாள். விரல் இடுக்கில் புல் அறுத்தபோது பட்ட அரிவாள் வெட்டு. இன்னும் மூடாத வெட்டு.

"ஏம்மா நேத்தே சொல்லல?"

"மொத நாளே சொன்னீங்க, கை உடாதேன்னு. நான் கேக்கலன்னு தெரிஞ்சா இவ இந்தப் படிப்புக்கு லாயக்கில்லன்னு நெனச்சிடுவீங்க. டீச்சர்கிட்டயும் சொல்லிடுவீங்க."

"தெரிஞ்சும் ஏன் விட்ட?"

"அது கத்திக்கினே இருந்தது மேடம். எங்க மாடு."

குழாயடிக்குக் கூட்டிப் போய்ச் சோப்பு நுரை போட்டுக் கழுவினேன், மறுபடியும் மறுபடியும்.

ஸ்கூட்டரிலேயே விழுப்புரம். பிரேக் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது.

நர்ஸ் கேட்டார்: "நாய் எங்க கடிச்சிது?"

"கடிக்கல. மாட்டு வாயில கை உட்டேன்."

"மாட்டு வாயில உனுக்கு இன்னாமா வேலை?"

எஸ்தர் கையை நீட்டினாள். வெட்டுக் காயத்தைச் சுற்றி ஊசி. பெரியவர்களே அலறுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் டீ. "நான் செத்துடுவேனா மேடம்?" என்றாள். மாட்டாய் என்றேன். நேரத்தோடு வந்துவிட்டாய், மீதி ஊசியையும் தவறாமல் போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன். ஆனாலும் நான் அதைச் சொன்ன குரல் எனக்கே போதவில்லை.

வீட்டில் பூரி. என் மகள் நாலு தின்றாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக். 3, வெள்ளி

வர வேண்டாம் என்று சொல்லியும் எஸ்தர் கொட்டகைக்கு எதிரில் வந்து நின்றாள். தூரமாக, ஹரீஷோடு. செவலை படுத்துவிட்டது. கத்தல் மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் வைத்த வாளித் தண்ணீரைப் பார்க்கிறது, குடிக்க முடியவில்லை.

"அதுக்குத் தாகம் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"வலி?"

"தெரியும்."

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. நேற்று அவள் எனக்கு உண்மையைச் சொன்னவள். அவளிடம் பொய் சொல்லக் கூடாது.

முழுக் கையுறை, கண்ணாடி. ரங்கநாதன் அண்ணன் கயிற்றை மரத்தைச் சுற்றி இழுத்துப் பிடிக்க, மயக்க மருந்து போட்டேன். கொஞ்ச நேரத்தில் கத்தல் குறைந்தது. பிறகு இல்லை. தெருவே அமைதியாகிவிட்டது. எதிர் வீட்டில் ஒரு குழந்தை இருமுவதுகூடக் கேட்டது.

"இவ்ளோதான் உங்களால செய்ய முடியுமா?" என்றான் ஹரீஷ். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான்.

"இன்னிக்கு இதுதான்."

அக். 4, சனி

காலையில் செத்துவிட்டது. மேகமூட்டம், மழை இல்லை. பொக்லைன் வரத் தாமதம். மூளையிலிருந்து மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் சென்னைக்கு அனுப்பினோம். ஆழக் குழி, சுண்ணாம்பு. தெருப் பிள்ளைகள் கிட்டே வராமல் ஹரீஷ் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

எஸ்தரும் கை விட்டது அந்தோணிக்கு நேற்றுத்தான் தெரிந்திருக்கிறது. குழியை மூடும்வரை நின்றார். பிறகு என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறேன்னா. இப்ப மாடும் பூட்டுது, பொண்ணும் பூட்டிருக்கும். இனிமே அந்தப் பேச்சு வேணாம் டாக்டரம்மா. நீங்களும் கூப்புடாதீங்க."

சரி என்றேன். இரண்டாவது ஊசிக்கு அந்தோணி பஸ் ஏறினார்; மகளுக்கு நாளைதான், ஆனாலும் கூடவே ஏறினாள். ஒருவர் முன் சீட்டில், ஒருவர் பின்னால்.

அக். 8, புதன்

சென்னையிலிருந்து போன். வெறிநோய்தான். உறுதி. தெரிந்ததுதான்.

அந்தோணி இன்றைய ஊசிக்குப் போகவில்லை என்று எஸ்தரின் அம்மா போன் செய்தார். மல்லாட்டை பிடுங்கும் வேலை, விட்டால் அடுத்த ஆளைச் சேர்த்துவிடுவார்களாம். கை நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு ஊசியே போதும் என்கிறாராம். பதறிக்கொண்டு அந்த நிலக்கடலைக் கொல்லைக்குப் போனேன். எனக்கு முன்பே எஸ்தர் பள்ளிக்கூட உடுப்போடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பா குனிந்த தலை நிமிராமல் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"உனுக்குத்தான் இன்னிக்கு ஊசி இல்லியே, நாளிக்குத்தானே. ஸ்கூலுக்குப் போ."

"நீ போட்டுக்கலன்னா நாளிக்கு நானும் போட்டுக்க மாட்டேன்."

"பேஜாரு பண்ணாத எஸ்தரு."

"செவலை எப்படிக் கத்துச்சின்னு நீயும்தானே கேட்ட."

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த செடியைப் பார்த்தார். மண்ணை உதறிக் குவியலில் போட்டார். வரப்பேறி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். நான் அங்கே இருந்ததைப் பார்த்தாரா என்றே தெரியவில்லை.

அக். 12, ஞாயிறு

காலனியில் நாய்களுக்குத் தடுப்பூசி. ஹரீஷும் எஸ்தரும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்கள். சாக்கில், கயிற்றில், இடுப்பில் என்று எல்லா விதத்திலும் நாய்கள். ஒரு பூனை. ஹரீஷின் சட்டையில் நாய் மூத்திரம். எஸ்தரைக் கிட்டே விடவில்லை. தூரத்திலிருந்தே பேர் கூப்பிட்டாள். அந்தோணி தெருக்கோடியில் பீடி பிடித்துக்கொண்டு பார்த்தார். விரட்டவில்லை.

இது நல்ல வேலையா என்ற ஹரீஷின் அன்றைய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

அக். 17, வெள்ளி

தீபாவளிக் கூட்டம், விழுப்புரத்தில் துணி எடுக்க இரண்டு மணி நேரம். மகளுக்கு ஊதா. மழை ஆரம்பம். பிரேக் சரி செய்தாயிற்று. கன்று நன்றாக இருக்கிறது, புண்ணாக்குத் தின்கிறது. அதை இன்னும் சில மாதம் கவனிக்க வேண்டும்.

அக். 30, வியாழன்

காலையிலிருந்து கனமழை. மருந்தகத்தில் ஈ காக்கை இல்லை. ரங்கநாதன் அண்ணன் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தார்.

மதியம் அந்தோணி மட்டும் நனைந்துகொண்டே வந்தார். இரண்டு பேருக்கும் கடைசி ஊசி முடிந்ததாம். எஸ்தரைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறார். துண்டில் முடிந்த ஈர மல்லாட்டையை மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னேன். பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்களும்தானே கிட்ட போனீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவலியா டாக்டரம்மா?"

"நாங்க முன்கூட்டியே ஊசி போட்டுக்குவோம். காலேஜ்ல சேர்ந்த வருசமே போட்டாங்க."

தலையாட்டினார். எழுந்தார். போகிறார் என்று நினைத்தபோது கதவருகில் நின்று கேட்டார்:

"எஸ்தருக்கு இப்பப் போட்டது அங்க செல்லுமா? இல்ல, காலேஜ்ல மறுபடியும் போடுவாங்களா?"