நீல பிளாப்பி, கறுப்பு பிளாப்பி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் அமல்தாஸ் நிற்கிறான். கையில் ஒரு பிஸ்கட் டின். பங்கு மண்டபத்தை இடிக்கப்போகிறார்களாம். எங்கள் பழைய கம்ப்யூட்டர் மன்றத்தின் பிளாப்பி டிஸ்க்குகள் அதன் பரண்மேல் இருந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பூஞ்சை.

"அக்கா, நீலம் கெடச்சிடுச்சி" என்றான்.

எந்த நீலம் என்று நான் கேட்கவில்லை.

1999இல் குழந்தைகளுக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லித்தர மன்றத்தில் ஒரு புரோகிராம் எழுதினோம். விசையை அழுத்தினால் எழுத்தையும் ஒரு சொல்லையும் குரல் சொல்லும். உயிரெழுத்துகளைப் படித்தது என் தங்கை செலின். அது நீல பிளாப்பி. ககர வரிசையிலிருந்து நான் படித்தேன், கறுப்பு பிளாப்பியில். மறு வருடம் மஞ்சள் காமாலையில் செலின் போய்விட்டாள். அவளுக்கும் அமலுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். இப்போது அவனுக்குப் பாகூரில் மனைவி, பிள்ளைகள் எல்லாம் உண்டு. என்றாலும் அம்மாவை இன்றும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறான்.

அவள் குரல் வேறெங்கும் இல்லை. அப்போது எங்களில் யாரிடம் செல்போன் இருந்தது?

ஆகஸ்ட் 4

அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றிருந்தேன். அந்த மடையன் போன் செய்துவிட்டான்.

"செலின் பேசப்போறாளாமே?"

"பூஞ்சை புடிச்சிருக்கும்மா. வரும்னு சொல்ல முடியாது."

"நீ எதத்தாண்டி வரும்னு சொன்ன?"

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அமல் வில்லியனூரில் கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறான். அங்கேதான் வேலை. பிளாப்பியைப் படிக்கும் டிரைவ்களில் ஓடுகிறது ஒன்றே ஒன்று. அதனால் ஒரு விதி வைத்தேன் — கழுவாத எதுவும் உள்ளே போகக்கூடாது. பூஞ்சையோடு ஒன்றைச் செருகினால் அழுக்கு டிரைவின் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வரும் நல்ல பிளாப்பியையும் சுரண்டிவிடும். உறையைப் பிளந்து, உள்ளே இருக்கும் வட்டப் படலத்தை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சுத்தமான உறையில் போடவேண்டும். முதலில் உதவாதவற்றில் கை பழகுவோம். நீலம் கடைசியில்.

"நர்சம்மா மாதிரி பண்றீங்கக்கா."

"நீ பேசாம காயவை."

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். கல்லூரியும் விடுமுறை, பகல் முழுக்கக் கடையில் இருந்தேன். சில பிளாப்பிகளைப் படிக்க முடிந்தது: ஒரு பாம்பு விளையாட்டு, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிவிப்புகள். சிரித்தோம்கூட.

நீலம் பேசும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு ஏன் போகிறேன்? அவள் முகம் ஞாபகமிருக்கிறது. என் தட்டிலிருந்து மீன் துண்டை எடுக்கிற விரல்கள்கூட. குரல் மட்டும் போய்விட்டது. எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

ஆகஸ்ட் 23

நாளை நீலம்.

ஆகஸ்ட் 24

நான் போகும்போது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அமல் தரையில் உட்கார்ந்திருந்தான். நேற்றே நீலத்தைக் கழுவியிருக்கிறான். நான் சொன்னபடியே அலசி, காயவைத்து, புது உறையில் போட்டு — எல்லாம் சரி. செருகுவதற்குமுன் டிரைவ் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, கைக்கு வந்த ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அது கழுவாதது.

"அப்புறம் நீலத்த வுட்டேன்... கர்ருனு ஒரு சத்தம்க்கா."

படலத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். பூச்சு உரிந்த இடம் வளையமாக வெளிச்சம் விட்டது. வளையத்துக்குள் வளையம்.

"ஏண்டா? ஒரு ராத்திரி பொறுக்க முடியலியா ஒன்னால?"

"ஒரே ஒரு வாட்டி தனியா கேக்கணும்னு நெனச்சேன். நீங்க, அத்தை, யாரும் இல்லாம."

திட்ட நிறைய வைத்திருந்தேன். டிரைவைச் சுத்தம் செய்து, திரும்பத் திரும்ப முயன்றோம். ஓர் எழுத்துகூட இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இன்னும் நாளாகும்" என்றேன்.

ஆகஸ்ட் 26

கல்லூரிக்குப் போனேன். பாடம் எடுத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் அமலின் வண்டி. உள்ளே ஒரு பெண் குரல். "க... கடல். கா... காகம்."

என் குரல். இருபத்து மூன்று வயதில் நான்.

கறுப்பைக் கழுவி, அதில் இருந்ததைத் தன் போனில் ஏற்றி, எனக்குக் காட்டத்தான் கொண்டுவந்தானாம். அம்மா அவன் போனைப் பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"எம் பொண்ணு... என் செலினுடி இது. கேளு, கேளு."

எங்கள் இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கும் என்று அப்போதும் சொல்வார்கள். எனக்கு அது பிடித்ததில்லை.

அமல் என்னைப் பார்த்தான். நான் பார்க்காததுபோல மீன் பையை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. குழாயைத் திறந்துவிட்டேன்.

அவன் கிளம்பும்போது தெருவில் நின்றோம்.

"நான் சொல்லலக்கா. அத்தையேதான்..."

"தெரியும்."

"உண்மைய சொல்லிடட்டா?"

"அது ஒருத்தர மறுபடியும் சாகடிக்கிற வேலை. போ, வூட்ல தேடுவாங்க."

செப்டம்பர் 2

தரவைச் சரிபார்க்காமல் எதையும் நம்பாதே என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான்.

அந்தக் குரலை என் போனில் ஏற்றித் தரச் சொன்னாள் அம்மா, செய்தேன். செபமாலை முடிந்ததும் கேட்கிறாள்.

"இன்னா தெளிவு பாரு. நீ எப்பவாவது இப்டி வாயத் தொறந்து பேசியிருக்கியாடி?"

"இல்லம்மா."

செப்டம்பர் 5

உண்மையில் அழவேண்டியது எதற்கு? செலினின் குரல் எப்படி இருந்தது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. இதைப் பகிர்ந்துகொள்ள அமல் ஒருவன்தான். அவனும் இந்த வாரம் போன் செய்யவில்லை.

செப்டம்பர் 9

போனை வீட்டில் மறந்துவிட்டுக் கல்லூரிக்குப் போயிருந்தேன். சாயந்திரம் படியேறி, "அம்மா, காபி குடிச்சியா?" என்றேன்.

உள்ளேயிருந்து கையை உயர்த்தினாள்.

"ஷ்... பேசாம இரு. செலின் படிக்கிறா."

முடியும்வரை வாசலிலேயே நின்றேன்.