மகரம் 1101

12 ஜூலை 2025, சனி, இரவு 10.40. பார்த்த பக்கங்கள் 214. கிடைத்த பதிவு ஒன்று.

குடும்பக் கல்லறைக்குப் புதுக்கல் வைக்க, தன் தாத்தா இறந்த தேதி வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தார். சபையின் அடக்கப் பதிவேட்டில் இன்று கிடைத்தது: மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1101, மகரம் 8. ஆங்கில ஆண்டாக்க 824 கூட்டினேன். 1925 ஜனவரி வந்தது. ஆனால் அவருடைய மகன், அதாவது என் தாத்தா, பிறந்தது 1926 ஜூலையில். மதியம் சாப்பிடும்போது அதை அப்படியே சொன்னேன்.

"ஒன்றரை வருஷம் இடிக்குதுப்பா. கணக்கு சரியா வரல்ல."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார். "எங்க அப்பாக்க அம்மயப் பத்தி இனி நீ ஒண்ணும் பேசப்பிடாது, கேட்டியா?"

சாயங்காலம் மறுபடி பதிவேட்டைப் பார்க்கப் போனேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கப்யார் தேவதாசண்ணன் என் கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"எடே இஞ்சினியரே, கொல்ல வருஷம் பிறக்கது ஆகஸ்டுலல்லா? டிசம்பர் வரைக்கும்தான் இருபத்திநாலு. மகரம் ஜனவரி. அதுக்கு இருபத்தஞ்சு கூட்டணும். இதுக்கா காலேஜ் போன?"

அப்படியானால் அவர் இறந்தது 1926 ஜனவரி. அந்த அடக்கத்தில் அவர் மனைவி மூன்று மாதக் கர்ப்பிணியாக நின்றிருக்கிறாள். நான் அவளைச் சந்தேகப்பட்டேன், அதுவும் அவளுடைய பேரனிடமே.

நாளை:
1. ஆராதனைக்குப் போகுமுன் அப்பாவிடம் தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். விளக்கம் கொடுக்கக் கூடாது.
2. கல்லில் அவளையும் சேர்க்கலாமா என்று கேட்க வேண்டும்.
3. அவள் பெயரைக் கேட்க வேண்டும். எனக்குத் தெரியாது.