ஜெனிசின் திருத்தத்தை ஏன் எடுத்தேன்

உடுவில்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பிரகாஸ்,

இங்கே நானும் மாமியும் சுகம். மாமிக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது. நேற்றுச் சந்தைக்குத் தனியாகவே போய் வந்தார். ஒஸ்லோவில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை என் முடிவுக்குக் கீழே "சரி" என்று மட்டும் எழுதினீர்கள். அதற்குப் பிறகு ஃபோன் இல்லை. இணையத்தில் நான் எழுதிய மூன்று வரி, நம் பட்டியல் மென்பொருளின் பொறுப்பாளராக எழுதியது. மிச்சத்தை இதில் சொல்கிறேன்.

பட்டியலை விக்கிப் பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றித்தர இரண்டு நிரல் திருத்தங்கள் வந்திருந்தன அல்லவா? உங்களுடையது நாற்பது வரி, அவ்வளவு வடிவு. வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து கதைப்பது போலிருந்தது. ஜெனிசின் திருத்தம் அதைவிட மூன்று மடங்கு நீளம். வாசித்த அன்றே உங்களுடையதைச் சேர்த்திருப்பேன்.

ஆனால் சனிக்கிழமை ஜெனிஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஓம், பெண் பிள்ளை. நாம்தான் ஆண் என்று நினைத்திருந்தோம். பருத்தித்துறையில் இருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு பை கருவாட்டோடு வந்தாள். தகப்பன் கடற்தொழில். அவரும் கூட்டாளிகளும் சொல்லச் சொல்ல எண்பத்து மூன்று மீன்களை இலக்கமிட்டு எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் கீழே, குஞ்சிலே ஒரு பெயர், வளர்ந்தால் வேறு பெயர்.

அந்தப் பட்டியலை இரண்டு திருத்தங்களிலும் ஓட்டிப் பார்த்தேன். உங்களுடையதில் உட்பெயர்கள் முடிந்ததும் இலக்கம் திரும்ப ஒன்றில் தொடங்கியது. எண்பத்து மூன்று மீனுக்கும் இலக்கம் ஒன்று. எட்டிப் பார்த்த மாமி, "இதென்ன, எல்லாம் தலைப்பிள்ளையோ?" என்று கேட்டுச் சிரித்தார். ஜெனிஸ் சிரிக்கவில்லை. "அண்ணையின்ரையையே எடுங்கோ அக்கா. நான் கையாலை திருத்துறன்" என்றாள்.

மூன்று நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பிறகு அவளுடையதை எடுத்தேன். திருத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நீங்கள் எழுதியிருந்த பன்னிரண்டு சோதனைகளையும் அவள் கேட்டு வாங்கி, உங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டாள்.

நேற்று அந்தப் பக்கம் விக்கியில் ஏறியது. மீன் சந்தையில் ஒரு ஃபோனைச் சுற்றிப் பத்துப் பேராம். நாற்பத்தோராவது மீனின் பெயர் பிழை என்று அவளுடைய தகப்பனோடு எல்லோரும் வாதாடியிருக்கிறார்கள். ஜெனிஸ் எனக்கு ஃபோன் எடுத்து, சிரிப்பில் கதைக்க முடியாமல், "அக்கா, இப்ப மீன் விக்க ஒருத்தரும் இல்லை" என்றாள். அடுத்த கிழமை இறால் வகைகளை எழுதப் போகிறார்களாம்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாமியிடம் சொன்னேன். போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன். ஃபோன் எடுங்கள். திருத்தத்தைப் பற்றிக் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆண்டவர் உங்களைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும், சீக்கிரம் எங்களிடம் கூட்டி வரட்டும்.

உங்கள்,
ஜஸ்ரின்