நாலு கட்டை ஆமென்

என் எஸ்தர் அக்கா,

உன் கணினி மறுபடியும் ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீ கடிதத்தின் பாதியில் எழுந்துபோய் அதைப் போட்டுப் பார்ப்பாய்.

நீ போய் வருடம் ஆகப்போகிறது. பீளமேட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அப்பாவுக்கு ஃபவுண்டரியில் காலை ஷிப்டு கிடைத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இன்னொரு கணினிப் பயிற்சி நிலையம் வந்திருக்கிறது. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்தின் கணினிகள் எல்லாம் நின்றுபோகும் என்று டீக்கடையில்கூடப் பேசுகிறார்கள். நீ இருந்தால் சிரித்திருப்பாயா, காகிதம் எடுத்து விளக்கியிருப்பாயா?

அம்மா பாடுவதில்லை.

சர்ச்சுக்கு வருகிறாள். பாடகர் குழுவான கொயரில் ஆல்ட்டோ வரிசையில், அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசையில், அவள் நாற்காலியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் அங்கே போவதில்லை. பின்பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்கிறாள். உதடு அசையாது.

மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் கொயர் மாஸ்டர் ஜெயசீலன் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கேட்டைப் பிடித்தபடியே பேசினார்.

"ஏனுங்க தம்பி, எஸ்தர் ஒரு ஆமென் எழுதிட்டிருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லுச்சுங்க. நாலு குரலுக்கு. ஆராதனை முடியறப்பப் பாடறாப்ல. காட்டும்மான்னா, 'முடிச்சுப்போட்டுக் காட்டறனுங் சார்'னுச்சு. அது இருக்குதுங்களா? வருஷ நினைவு ஆராதனைல பாடிரலாம்."

இருக்கிறது என்றேன். அவர் போன பிறகுதான், எங்கே என்று யோசித்தேன்.

உன் கணினியை ஈரோட்டு மாமா மகன் பிரபு ஏற்கனவே துடைத்துவிட்டிருந்தான். கெட்ட எண்ணம் இல்லை. "சும்மா கெடக்குதேன்னு கிளீன் பண்ணி விண்டோஸ் போட்டுட்டனுங்க அத்தை, ஒரு கேம் கூடப் போட்டிருக்கேன்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னான். அம்மா அவனுக்குக் காபி கொடுத்தாள். ஹார்டு டிஸ்க் வட்டில் நீ வைத்திருந்த எல்லாமே போய்விட்டது என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

மிஞ்சியது பிஸ்கட் டப்பா நிறைய பிளாப்பிகள். ஒன்றின் மேல் உன் கையெழுத்தில் 'ஆமென்'. அதைத் திறந்தால் கோடும் சுரக்குறியும் இல்லை. ஆங்கில எழுத்து, எண், அடைப்புக்குறி, மறுபடி எழுத்து. ஒரு ராகம் இப்படியா இருக்கும்?

உன் சிநேகிதி பாத்திமாக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரு கணினி நிலையத்தில் பாடம் எடுக்கிறார். கோப்பைப் பார்த்ததும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"இது அவ பைத்தியமா அலைஞ்ச ஸ்டாஃப் நொட்டேஷன் சாஃப்ட்வேரு. இப்படி எழுத்தா அடிச்சுக் குடுத்தா, அது அஞ்சு கோடு போட்டுப் பாட்டுத் தாளாக்கிக் குடுக்கும். காசு கெடையாது. ஆனா ரெடியாவும் கெடைக்காது. எழுதுனவங்க எழுதுனபடியே சோர்ஸா குடுத்திருவாங்க. நம்ம மிஷின்லயே கம்பைல் பண்ணிக்கோணும்."

"புரியலைங்கக்கா."

"எம்.ஏ. படிச்சும் இப்படியா? அரிசியும் உளுந்தும் வந்துருச்சு தம்பி. மாவு நாமதான் ஆட்டோணும்."

அடுத்த சனிக்கிழமை உக்கடத்திலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அதையே அம்மாவிடமும் சொன்னார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஊட்ல கிரைண்டர் இருக்குது, ஆட்டறதுக்கு எதுக்கு கண்ணு கம்ப்யூட்டரு?" என்றாள். பாத்திமாக்கா என்னைப் பார்த்தார். அம்மா கேலி பேசி எவ்வளவு நாளாயிற்று.

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றினோம். பிரபுவின் கேம் போயிற்று. உன் பிளாப்பிகளில் துண்டு துண்டாக இருந்த மென்பொருளைச் சேர்த்து முதல் கட்டளையைக் கொடுத்தார். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. தனக்கு வேண்டியவை இந்தக் கணினியில் உண்டா என்று அது ஒவ்வொன்றாகத் தேடுகிறதாம்.

இருக்கிறதா? இருக்கிறது. இருக்கிறதா? இருக்கிறது. இருக்கிறதா? இல்லை.

நின்றுவிட்டது.

நான் கொஞ்ச நேரம் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும், நான் எதையும் கவிதையாகப் படித்துத் தொலைக்கிறவன்.

இல்லாததை பாத்திமாக்கா தன் நிலையத்திலிருந்து அடுத்த வாரம் பிளாப்பியில் கொண்டுவந்தார். அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்று எங்களிடம் இருந்ததைவிடப் புதிய கம்பைலரை, அதாவது மாவாட்டும் கிரைண்டரையே, கேட்டது. இப்படியே சில சனிக்கிழமைகள். நடுவில் மின்வெட்டு, மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் 'இருக்கிறது' என்றே எல்லா வரியும் முடிந்தது. அடுத்த கட்டளை ஒரே சொல். ஆங்கிலத்தில் 'செய்' என்று தட்டினால் போதும். ஆமென் என்றால் ஆகட்டும் என்றுதானே பொருள்? இரண்டும் ஒரே வேண்டுதல்போல் இருந்தது. பாத்திமாக்காவிடம் சொன்னேன். "வேண்டறதெல்லாம் இருக்கட்டும், ஃபேனத் திருப்பி வை. மிஷின் சுடுது" என்றார்.

நாள் முழுக்க வட்டு கரகரத்தது. சுரக்குறிகளின் வடிவத்தைக்கூட அது அங்கேயே வரைந்துகொண்டது. நீ விரலால் காற்றில் போட்டுக் காட்டுவாயே, அந்தச் சுழித்த கொக்கி, அது உள்ளுக்குள் கோடு கோடாக உருவாகிறது என்று பாத்திமாக்கா சொன்னார். இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ தனியாகச் செய்திருக்கிறாய். யாரிடமாவது சொன்னாயா? நாங்கள் யாராவது கேட்டோமா?

கடைசியில் உன் ஆமெனை அதற்குக் கொடுத்தோம். திரை நிறையப் பிழை. பிழை சொல்லிக்கொண்டே ஒரு பக்கத்தையும் தந்தது. ஐந்து கோடுகள் அழகாக இருந்தன. அவற்றின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சுரங்கள். மற்ற இடங்களில் ஓய்வுக்குறி. அல்லது ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

"இத எப்படித் தம்பி பாடறது? பாதிக்கு மேல மூச்சு உடறதுதான் இருக்குது" என்றார் பாத்திமாக்கா.

நான் பிழைகளைச் சத்தமாகப் படித்தேன். "எம் என்றால் என்னவென்று தெரியாதாம். பி தெரியாதாம். என் தெரியாதாம். மறுபடி எம், பி..."

"நிறுத்து" என்றார். "எம், பி, என். மா, பா, நி."

இருவரும் ஒரே நேரத்தில் கோப்புக்குத் திரும்பினோம். நீ சுரங்களை மேற்கத்திய முறையில் சி, டி, ஈ என்று எழுதவே இல்லை. ச ரி க ம ப த நி என்று, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் எழுதியிருக்கிறாய்.

"அடிப்பாவி, ப்ரோக்ராமுக்குள்ளயே கைய வெச்சிருக்கா! அதோட அட்டவணைய மாத்தி சரிகமவச் சொல்லிக் குடுத்திருக்கா. அது பழைய வட்டோட போச்சு. நாம ஏத்துனது அவங்க குடுத்தபடியே இருக்கற பச்சை சோர்ஸு."

அந்த மூல மென்பொருளின் மொழியில் ரியின் எழுத்தான ஆருக்கு ஓய்வு என்று பொருள். சவின் எழுத்தான எஸ்ஸுக்கு, வெறும் இடம் விட்டு நகர் என்று பொருள். கவின் ஜியும் தவின் டியும் மட்டும் அங்கேயும் சுரப்பெயர்கள் என்பதால் சுரங்களாக வந்திருந்தன. உன் ச இருந்த இடமெல்லாம் அதனால்தான் வெள்ளையாக வந்திருந்தது. ஒரு பிழையும் சொல்லாமல். தெரியாத எழுத்துக்குத்தான் அது புகார் சொல்லும். தவறாகப் புரிந்துகொண்டதற்குச் சொல்லாது.

அட்டவணையை மறுபடி எழுத பாத்திமாக்கா உட்கார்ந்தார். முதல் வரியிலேயே கை நின்றது.

"ச எங்க?"

"எங்கன்னா?"

"அதுக்கு இடம் சொல்லோணும் தம்பி. எத்தனாவது கட்டை?"

ஹார்மோனியத்தில் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று கட்டைகளை எண்ணுவோம். யாருக்கு எந்தக் கட்டை ஒத்துவருகிறதோ அங்கேதான் அவருடைய ச. ஆளுக்கு ஆள் மாறும். இந்த மென்பொருளுக்கு அது புரியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்கு ஒரே இடம்தான். நீ அந்த இடத்தை அட்டவணையில் எழுதியிருந்தாய். அட்டவணை இல்லை.

முதலில் ஒன்றாம் கட்டையில் வைத்தோம். பக்கம் முழுதாக வந்தது. வெள்ளை எங்கும் இல்லை. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஜெயசீலன் வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பாட்டு நல்லாருக்குதுங்க தம்பி. ஆனா பேஸ் பாடறவங்க இதுக்குக் கெணத்துக்குள்ள எறங்கோணுமே."

உன் சுருதி ஐந்தரைக் கட்டை என்று ஊருக்கே தெரியும். அதில் வைத்து அடுத்த தாளைக் கொடுத்தேன்.

"இப்ப சோப்ரானோப் புள்ளைங்க தென்னைமரம் ஏறோணும். எஸ்தர் எழுதறது இப்படி இருக்காதுங்க. ஒவ்வொரு தொண்டைக்கும் அளவெடுத்துத்தான் தைக்கும் அது. எதோ ஒண்ணு தப்புதுங்க. அடுத்த வாரத்துக்குள்ள சரியான தாள் வரலீன்னா வேண்டாமுங்க. தப்பாப் பாடி அந்தப் புள்ளைய நெனைக்கறதுக்கு, பாடாமயே நெனைச்சுக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் உன் ஹார்மோனியத்தை எடுத்து வைத்து, தாளைப் பார்த்து விரல்விட்டுத் தேடினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. உன் ஆமெனில் மேல்குரல் நீண்ட சுரங்களில் சும்மா நிற்கிறது. ராகம் நடந்து போவதெல்லாம் இரண்டாவது வரியில். ஆல்ட்டோவில்.

அந்த வரியை ஐந்தரையில் வாசித்தேன். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"ஏன் கண்ணு அஞ்சரைல புடிச்சுப் புழியற? அது அம்மணிக்குத்தான் எட்டும். நாலுல புடி."

"நாலு யாருதும்மா?"

"என்றதுதான். தைராய்டு ஆபரேசனுக்கப்புறம் எறங்கிப் போச்சே." மாவுக் கையோடு கதவருகில் வந்து நின்றாள். "அவ கேட்டா. இதே மாதிரி மாவாட்டிட்டிருந்தேன். பக்கத்துல வந்து நின்னுட்டு, 'அம்மா, ஒருக்கா ஆன்னு சொல்லு'ன்னா. எதுக்கு அம்மணின்னேன். 'உன்ற குரல் எங்க நிக்குதுன்னு பாக்கறேன்'னா. போடி, இது நின்னாலென்ன போனாலென்னன்னேன். அவ உடல. சொல்ல வெச்சுட்டுத்தான் போனா."

நான் சவை நாலு கட்டைக்கு மாற்றி அந்த வரியை மறுபடி வாசித்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "அது அவ முணுமுணுத்துட்டே திரிவாளே" என்றாள். பிறகு உள்ளே போனாள். கிரைண்டர் வெகுநேரம் ஓடவில்லை.

மறுநாள் பாத்திமாக்கா அட்டவணையின் முதல் வரியைத் திருத்தினார். வந்த தாளில் எந்தக் குரலும் கோடுகளுக்கு மேலேயும் கீழேயும் தவிக்கவில்லை. நான்கும் தத்தம் இடத்தில் இருந்தன. பாத்திமாக்கா நிறைய பிரதிகள் எடுத்தார். ஜெயசீலன் தாளைப் பார்த்து, "இது. இதானுங்க" என்றார்.

அக்கா, நீ அம்மாவுக்காக எழுதினாயா, அல்லது ஆல்ட்டோவில் அவள்தான் நன்றாகப் பாடுகிறாள் என்று எழுதினாயா? அவள் பாட்டை விட்டுவிடாமல் இருக்க அப்போதே ஏதாவது திட்டம் வைத்திருந்தாயா? ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தன் குரலை வெறுத்தது உனக்கு மட்டும் தெரிந்திருந்ததா? கேட்டாலும் நீ 'முடிச்சுட்டுச் சொல்றேன்' என்பாய்.

நேற்று ஒத்திகை. நான் வாசலில் நின்றிருந்தேன். அம்மா என்னோடு வந்தவள், பின்பெஞ்சு வரைக்கும் வந்து நின்றாள். ஆல்ட்டோ வரிசையில் ஒருத்தர் நாற்காலியைக் கையால் தட்டி, "வாங்கக்கா, தூசி தட்டித் தட்டி எங்க கைதான் ஓஞ்சுபோச்சு" என்றார். அம்மா போனாள். முதல் தடவை வாயைத் திறந்து மூடினாள். இரண்டாம் தடவை நடுவில் எங்கோ அவள் குரல் சேர்ந்தது. தேய்ந்த குரல்தான். ஆனால் தேட வேண்டியிருக்கவில்லை. அது போய் நிற்க வேண்டிய இடத்தை நீ காலியாக விட்டு வைத்திருந்தாய்.

இன்னொரு செய்தி. உன் சரிகம அட்டவணையைத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பாத்திமாக்கா அதை எழுதுகிறவர்களுக்கு ஈமெயில் அனுப்பியிருந்தார். கடல் தாண்டி ஒருவர் பதில் போட்டிருக்கிறார். சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்களாம். ஒரே ஒரு கேள்விதானாம். ச என்பது எந்தச் சுரம்?

பதிலை நான் எழுதுவதாக பாத்திமாக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் சொல்கிறேன். அவர்களுக்கு அனுப்பும் அட்டவணையில் சவின் இடத்தை நிரப்பாமல் விடுவேன். யார் பாடுகிறாரோ அவரிடம் ஒருதரம் 'ஆ' என்று சொல்லக் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள் என்று எழுதுவேன். உன் பெயரையும் எழுதுவேன். நம் வீட்டுக் கணினியில் மட்டும் அது நாலு கட்டையிலேயே இருக்கும். பிரபு வந்தாலும் தொட விடமாட்டேன்.

வரும் ஞாயிறு ஆராதனையின் முடிவில் கவனி.

அம்மணியின் தம்பி,
பின்பெஞ்சில் பக்கத்து இடம் இனி காலியான,
சாமு