பதினொரு சொம்புக் கடல்

ஆர்.கே.புரம், 1983

ஜூலை 3
மைத்துனன் சுப்பையா ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினான். ஒரு பாலிதீன் பையில் இரண்டு கோமாளி மீன், இன்னொன்றில் ஒரு கடல்சாமந்தி, கூடவே நாலு கேன் கடல் தண்ணீர். சாமந்தி என்பது பேர்தான். அது பூவல்ல, பிராணி. பக்கத்தில் வருவதையெல்லாம் கொட்டித் தின்னும். இந்த மீனை மட்டும் ஒன்றும் செய்வதில்லை. தொட்டியில் விட்ட பத்தாம் நிமிஷம் இரண்டும் அதன் விரல்களுக்குள் இடம் பிடித்துவிட்டன. எனக்குத் தலைநகரில் இந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைக்க ஒன்பது வருஷம் பிடித்தது.

ஜூலை 5
கீழ்வீட்டு ராமமூர்த்தி வந்தார். பிளாக் சங்கத்தின் செயலாளர்.
"என்ன நல்லசிவம் ஸார், சைவப் பிள்ளைங்கறேள். ஆத்துக்குள்ள மீனா?"
வளர்க்கத்தான் என்றேன்.
"இன்னிக்குத் தொட்டி. நாளைக்கு வாணலி."

ஜூலை 17
தீர்மானம் போட்டுவிட்டார்கள். நாற்றம் பிடித்த மீன் தண்ணீரை ஆகஸ்ட் 15-க்குள் பிளாக்கிலிருந்து அகற்ற வேண்டுமாம். பன்னிரண்டு வீட்டில் பதினொரு கையெழுத்து. சாமந்திக்கு இறால் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் மீன்கடைக்குப் போனபோது, என்னைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தவர்கள் இதில் மூன்று பேர்.
அகற்ற மாட்டேன். அவர்கள் குறித்த நாளும் நல்ல நாள்தான் — சுதந்திர தினம்.

ஆகஸ்ட் 7
நாளை ஆடி அமாவாசை. ராமமூர்த்தியின் மனைவி காமாக்ஷி மாமி வந்து என் மனைவி சுந்தரவல்லியிடம் கேட்கிறாள்: "ராமேஸ்வரத்துக் கடல் மாடியிலேயே இருக்கே! அவர் தலையில தெளிச்சுக்க ஒரு சொம்பு குடேன்."
மிச்சம் இருப்பது ஒரே கேன். தொட்டித் தண்ணீரை மாற்ற வைத்திருப்பது. முடியாது என்றேன். மாமி போன பிறகு வீட்டில் வாதம்.
"பித்ரு காரியம்லா. இல்லன்னு சொல்லலாமா?"
"நாற்றம் பிடித்த தண்ணீரில் பித்ருக்களுக்கு என்ன வேலை?"
கேனை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 8
ஆபீஸ் விட்டு வந்தால் சாமந்தி மூடிய முஷ்டி மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. என்ன ஆச்சு?
கேன் பூட்டியிருந்ததால் சுந்தரவல்லி தொட்டியிலிருந்தே மொண்டு கொடுத்திருக்கிறாள். ஒரு சொம்பா? மாமிக்குக் கிடைத்தது என்றதும் மற்ற பத்து வீடும் வரிசையில் வந்திருக்கிறது; ஆக, பதினொரு சொம்பு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு, குறைஞ்ச அளவுக்குக் குழாய்த் தண்ணியை ஊத்தி நிரப்பியிருக்கா! குளோரின் தண்ணி!
"செத்தவங்களுக்காகக் கேட்டு வந்து நிக்காங்க. நான் என்ன செய்ய?"
உசிரோட இருக்கிறதுக்காக யாரு கேக்கா?
கடைசிக் கேன் முழுவதையும் மாற்றி ஊற்றிவிட்டேன். இனி கையிருப்பு இல்லை.

ஆகஸ்ட் 9
விரியவில்லை. மீன்கள் அதை விட்டு நகரவில்லை. சுந்தரவல்லியும்தான்.

ஆகஸ்ட் 12
பாதி விரிந்தது. சுந்தரவல்லி கூப்பிட்டுக் காட்டினாள். நாலு நாளில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு.

ஆகஸ்ட் 15
கெடு முடிந்தது. ஒருவரும் மேலே வரவில்லை. நானே இறங்கிப் போய் மாடிப்படியில் ராமமூர்த்தியைப் பிடித்தேன். "தொட்டியை எப்ப எடுக்கப் போறீங்க?"
"அதெப்படி ஸார்... தலையில தெளிச்சுண்ட தீர்த்தம்..."
அப்படியானால் ரத்து என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். பதினொரு கையெழுத்தோடு. பத்து போதாது.

செப்டம்பர் 4
வந்தது. பதினொன்று. எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அக்டோபர் 6
மஹாளய அமாவாசை. காலையிலேயே கதவு தட்டல். காமாக்ஷி மாமி, கையில் சொம்பு. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் சுந்தரவல்லி வாசலை மறித்து நின்றுவிட்டாள்.
"யமுனைக்குப் போயிட்டு வாங்க மாமி. இந்தத் தண்ணியில ஆள் குடியிருக்கு."