திரும்பியிருந்த முன்கால்

ஜூன் 3
நான் எக்ஸ்ரே எடுக்கும் கால்நடை மருத்துவமனையில் இன்று அக்காவின் நாய்க்கு எக்ஸ்ரே. இரண்டு முன்கால்களிலும் நொண்டல். மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றேன். "வயசான உசுருடி, தாங்காது. உன் மடியில வளந்தவன், நீ பிடிச்சா சும்மா கிடப்பான்" என்றாள் அக்கா. சரியென்று கையால் பிடித்தே எடுத்தேன். படத்தில் அளந்து பார்த்தால் இரண்டு கால் எலும்புமே முழங்கைப் பக்கம் கோணல். முதலில் வலது கால் எலும்பை வெட்டி நேராக்கலாம், பிறகு இடது என்றார் அறுவை மருத்துவர்.

ஜூன் 9
வலது கால் முடிந்தது. வெட்டிய எலும்பைச் சேர்த்துப் பிடிக்கத் தகடு வைத்திருக்கிறார்கள். "நீ மட்டும் கண்டுபிடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்!" என்று அக்கா என் கையை விடவே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 14
இடது காலுக்கு அறுவைக்கு முன் மறுபடி படம். இந்த முறை மருத்துவர் விடவில்லை, மயக்கத்தில்தான். கால் தளர்ந்து கிடந்தது. நேராக வைத்து எடுத்தேன். கோணலே இல்லை. திரும்பத் திரும்ப அளந்தேன். இல்லை.

பழைய படங்களைத் திறந்தேன். காலை நேராக வைத்திருந்தால் முழங்கையின் பின்முனை படத்தில் நடுவில் விழ வேண்டும். இரண்டிலும் ஓரமாக விழுந்திருக்கிறது. அவன் திமிற, நான் அழுத்திப் பிடிக்க, பாதம் திரும்பியிருக்கிறது. நேரான எலும்பைக் கோணல் என்று அளந்து கொடுத்திருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லித்தருகிற முதல் பாடம் இது! கண் அவிஞ்சா போச்சு எனக்கு? இல்லை — நம்ம நாய், அழுவுது, சீக்கிரம் முடிக்கணும் — அவ்வளவுதான்.

ஜூலை 15
இடது காலுக்கு அறுவை வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாதா? வலது காலைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? சீ, என்ன புத்தி இது.

ஜூலை 16
பழைய படங்களையும் புதிய படத்தையும் மருத்துவரிடம் காட்டினேன். "நானும் கவனிச்சிருக்கணும்மா" என்றார். திட்டியிருக்கலாம். வெறும் மூட்டுத் தேய்மானமாம்; மாத்திரையே போதுமாயிருந்திருக்கும்.

மாலை அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அப்ப, அவன் பட்ட வலியெல்லாம்?"

"ஊசி வேணாம்னு நான்தானே சொன்னேன்" என்று அழுதாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் வேண்டாம் என்பாள்; போட்டே ஆகணும் என்று நிற்பதுதானே என் வேலை?

ஜூலை 20
அக்கா போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 25
வெட்டிய எலும்பு கூடிவிட்டதா என்று படம் எடுத்துப் பார்க்க அவனை அழைத்து வந்தாள் அக்கா. வேறு யாராவது எடுக்கட்டும் என்று வரவேற்பில் சொல்லியிருக்கிறாள். தெரியாமல் நான் எதிரே போய்விட்டேன். வலது காலை அவன் இன்னும் சரியாக ஊன்றவில்லை. என்னைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வரப் பார்த்தான்.

அக்கா கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.