கீழே இருக்கும் x – 2

ஜூலை 8, செவ்வாய்

பிளஸ் ஒன் வகுப்பில் இன்று மானம் போனது. (x + 1)/(x – 2) ≤ 2. சமன்பாட்டில் குறுக்கே பெருக்கிப் பழகிய கை. கீழே இருந்த x – 2ஐத் தூக்கி வலப்பக்கம் பெருக்கி, x ≥ 5 என்று விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டேன். அபி எழுந்தாள்.

"சார், xக்கு பூஜ்யம் போட்டா மைனஸ் அரை வருது. அது ரெண்டுக்குக் கீழதான? அப்ப பூஜ்யம் ஏன் விடைல இல்ல?"

போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. "நாளைக்குச் சொல்லுதேன், உக்காரு" என்றேன். நல்லவேளை, மணி அடித்தது.

மெக்கானிக்கல் படித்தவன் கணக்கு வாத்தியாரானால் வேறென்ன நடக்கும்? சென்னைக் கம்பெனி கழற்றிவிட்ட பிறகு தென்காசியில் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வேலைதான்.

ஜூலை 9

மறந்தவன்போல அடுத்த பாடத்துக்குத் தாவினேன். அபி என்னைப் பார்த்த பார்வை!

மாலையில் தாளாளர் தில்லைநாயகம் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "பதினெட்டாம் தேதி உங்க கிளாஸ்ல வந்து உக்காருதேன் சார். அந்த அசமன்பாட்டையே எடுங்க. சரியா இருந்தா வேலைய நிரந்தரமாக்கிருவோம்." இல்லாவிட்டால் என்னவென்று நான் கேட்கவில்லை.

வேலை போனால் வீட்டுக்காரி வேல்விழி திரும்பி வரமாட்டாள். சுரண்டையில் அப்பா வீட்டில் இருக்கிறாள், சித்திரையிலிருந்து. போனவாரம்கூட மாமா சொன்னார்: "மொதல்ல ஒரு வேலைல ஊணி நில்லுங்க மாப்ள. பொறவு எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க." தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலை 13, ஞாயிறு

ஐந்தருவியில் தலையைக் கொடுத்தால் புத்தி தெளியும் என்று போனேன். சீசன் கூட்டம். முதுகில் நாலு குத்து, கூடவே ஜலதோஷம். புத்தகத்தை மூன்று தடவை படித்தாயிற்று. 'குறியை ஆராய்க' என்கிறது. எதன் குறியை? எப்படி?

ஜூலை 15

செத்துப்போகலாம் போலிருக்கிறது. ஒரு கணக்குக்காகவா? ஆமா, ஒரு கணக்குக்காகத்தான்.

ஜூலை 16

வேல்விழி எம்.எஸ்ஸி. கணக்கு, பி.எட். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் பாடம் எடுத்தவள். அவளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் தினமும் போனில் "பிள்ளைங்க எம்மேல உசுரா இருக்கு" என்று அளந்துவிட்டு, எந்த முகத்தோடு கேட்பது?

கேட்டுவிட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியல வேலு, பயமா இருக்கு, வேலை போயிரும் — சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"பேப்பர் இருக்கா? எடுங்க. அந்த x – 2 மிகையா குறையான்னு உங்களுக்குத் தெரியுமா? குறையா இருந்தா, பெருக்கும்போது அடையாளம் திரும்பிரும்லா? அதனால பெருக்கவே கூடாது. ரெண்டக் கழிச்சு எல்லாத்தையும் இடப்பக்கம் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். (5 – x)/(x – 2) ≤ 0.

"மேல பூஜ்யமாகறது அஞ்சுல. கீழ ரெண்டுல. எண்கோட்டை அந்த ரெண்டு இடத்துலயும் வெட்டுங்க. மூணு துண்டு. துண்டுக்கு ஒரு எண்ணப் போட்டு, பிளஸ்ஸா மைனஸான்னு மட்டும் பாருங்க."

பூஜ்யம் போட்டால் மைனஸ். மூன்றுக்கு பிளஸ். ஆறுக்கு மைனஸ். ஆக x < 2 அல்லது x ≥ 5. இரண்டைச் சேர்க்கக் கூடாது, கீழே பூஜ்யம் வந்துவிடும். இவ்வளவுதானா! இதற்கா ஒரு வாரம் செத்தேன்?

ஜூலை 18, வெள்ளி

பாடம் நன்றாகவே போனது. போன வாரம் நான் போட்டது தப்பு என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அபி சிரித்தாள், கேலியாக இல்லை. தாளாளர் அப்புறம் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னைக்குச் சுத்தமா எடுத்தீங்க சார். யாரு சொல்லிக்குடுத்தா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. "வீட்டுக்காரி" என்றேன். என்ன படிப்பு என்று கேட்டார். சொன்னேன்.

"அடுத்த பாடத்துக்கும் அவங்களத்தானே கேப்பீங்க?" பேனாவை மூடிவைத்தார். "கோவிச்சுக்காதீங்க சார். அவங்களையே வரச்சொல்லுங்க."

ஜூலை 19

"உங்க வேலைய நான் பிடுங்குன மாதிரி ஆயிரும்லா? வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றாள் வேலு, போனில்.

வயிறு எரியத்தான் செய்தது. "நீ வாடி" என்றேன்.

ஜூலை 28, திங்கள்

காலையில் வேல்விழியைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள், பயம்போல. நல்ல சாரல். வண்டியைத் திருப்பும்போது வாட்ச்மேன் பாண்டித்துரை ஓடிவந்து கேட்டைப் பெரிதாகத் திறந்தார்.

"நனையாம உள்ள வாங்க சார்."

"இல்ல அண்ணாச்சி. டீச்சர விட வந்தேன்."